கம்மியா, ஜாஸ்தியா

நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு இதை உன்னிடம் சொல்லவில்லை. "கதைதானே, அதுல போய் எல்லாத்துக்கும் கணக்குப் பாப்பாங்களா" என்று சொல்லிவிட்டு, தம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனேன். நீயும் விட்டுவிட்டாய்.

இன்று காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, மேசை ஓரத்தில் இருந்த கறுப்பு ரெகுலேட்டரைக் கைப்பையால் இடித்துவிட்டேன். நல்லவேளை, விழவில்லை. எடுத்து உள்ளே நகர்த்தும்போது அதன் வாசனை வந்தது. பழைய சுவிட்சுகளுக்கு உள்ள வாசனை, சூடாகி ஆறிய தூசியுடையது. குமிழைத் திருப்பினேன். டக். இன்னும் ஒருமுறை. டக். எந்த விசிறியோடும் சேராத ரெகுலேட்டர், ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை. பேருந்தைப் போகவிட்டு, உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. சில வாரங்களாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அலைகிறேன். கேட்டால் துள்ளுகிற ஆள் நீ ஒருத்திதான். நீயோ இல்லை. அதற்காக இது உனக்குத் தெரியாமலே இருப்பதா? வரிசையாகச் சொல்கிறேன். "முடிவ முதல்ல சொல்லிடாத டி" என்று எத்தனை தடவை என்னைத் திட்டியிருக்கிறாய்.

சென்னையில் உதவி இயக்குநர் வேலையை விட்டுவிட்டு நீ கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பிய சமயம் அது. கல்லூரியில் நாம் ஒரே வகுப்பு என்றாலும், நீ எந்த பெஞ்சிலும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. படமெடுக்கக் கற்றுக்கொள்ளப் போனவள், ஒரு பை நிறைய உளப்பகுப்பாய்வுப் புத்தகங்களின் ஜெராக்ஸோடு வந்திருந்தாய். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே உள்ள டீக்கடையில் என்னைப் பிடித்தாய். பையிலிருந்து ஒரு சிறுபத்திரிகையை எடுத்து, ஒரு கதையைப் பிரித்து என் முன்னால் வைத்தாய்.

"இத எழுதுனது நீதான?"

என் பெயர் அது இல்லையே என்றேன். பத்திரிகையில் இருந்தது புனைபெயர்.

"டீ ஆடைய விரல்ல எடுத்து தம்ளர் வெளிப்பக்கம் ஒட்டற பொம்பள ஒருத்தி இந்தக் கதையில வர்றா. அப்படி ஒட்டறவள நெஜத்துல ஒரே ஒருத்திதான் பாத்திருக்கேன். இப்பவும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கா."

என் விரலைப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தக் கதை சின்னது. ஒரு விடியற்காலையில் ஓர் அம்மா வீட்டை விட்டுப் போகிறாள். எட்டு வயது மகள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். போகும் முன் அம்மா மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கிறாள். தன் பழைய புடவை ஒன்றை மகளுக்குப் போர்த்திவிடுகிறாள். மகள் எழுந்து பார்க்கும்போது அம்மா இல்லை. அந்தப் புடவையை என்ன செய்வது என்று தெரியாமலே அவள் வளர்ந்து பெரியவளாகிறாள். அவ்வளவுதான் கதை.

நான் எழுதுகிறேன் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் அம்மாவுக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் புனைபெயரே. எனக்கு எட்டு வயதானபோது என் அம்மா ஒரு விடியற்காலை வீட்டை விட்டுப் போனாள். பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு அடுத்த மழைக்காலத்தில் திரும்பி வந்தாள். வந்த அன்றே அடுப்பு பற்றவைத்தாள். அப்பா எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்ததில்லை. நடுக்கூடத்தில் ஒரு பொருள் கிடந்தால் சுற்றிக்கொண்டு நடப்போமே, அப்படி அம்மாவும் நானும் அந்தக் காலையைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகியிருந்தோம். கதையில் அந்த அம்மா திரும்பி வரவே மாட்டாள். அந்த ஒரு மாற்றம் போதும், இது எங்கள் வீட்டுக் கதை என்று யாருக்கும் தோன்றாது என்று நினைத்திருந்தேன்.

பத்திரிகையை அம்மா படிக்க மாட்டாள். படம் என்றால் பார்ப்பாள். பார்த்தால் தெரிந்துபோகும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது. உனக்கு இதில் எதுவும் தெரியாது. "இத நான் படமா எடுக்கறேன்" என்று சொல்லி, என் தம்ளரில் மிச்சமிருந்த டீயையும் குடித்துவிட்டாய்.

தேரடித் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறையை வாடகைக்குப் பிடித்தாய். சனிக்கிழமை மதியங்களில் அங்கே வருவேன். பௌர்ணமி வந்தால் பேருந்தெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் முட்டி மோதி நடந்து வியர்த்து வந்து சேருவேன். நீ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாய். முதல் நாள் பத்திரிகையோடு வந்தேன். எந்தப் பத்தியை எப்படிக் காட்சியாக்குவது என்று பேசப்போகிறோம் என்று நினைத்தேன். நீ பத்திரிகையை வாங்கி உன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாய்.

"புத்தகம் வேணாம். கதையச் சொல்லு."

சொன்னேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சொல்லச் சொன்னாய். அதற்கடுத்த வாரமும். எனக்கு எரிச்சல் வந்தது. அப்போதுதான் விளக்கினாய். உன் ஜெராக்ஸ் புத்தகங்களில் வருகிற, கனவுகளை ஆராய்ந்த அந்தப் பழைய மருத்துவர், ஒருவர் சொன்ன கனவு பிடிபடாவிட்டால் அதையே திரும்பச் சொல்லச் சொல்வாராம். முதல் தடவை சொன்னதும் இரண்டாம் தடவை சொன்னதும் எந்த இடத்தில் மாறுகிறதோ, அந்த இடத்தில்தான் தோண்ட வேண்டும். மறைக்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. நாம் போர்த்திய துணி அந்த இடத்தில் கொஞ்சம் நழுவுகிறது.

"அச்சுல வந்தது காவக்காரன் பாத்துப் பாத்து வெளிய விட்டது டி. வாயில வர்றதுக்கு அவ்ளோ காவல் கெடையாது."

இது எழுத்தாளரை வேவு பார்க்கிற வேலை என்றேன். நீ ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, கதையைத்தான் கேள்வி கேட்பேன், உன்னை ஒருநாளும் கேட்க மாட்டேன் என்றாய். அந்த வாக்கைக் கடைசி வரை காப்பாற்றினாய்.

மூன்றாவது தடவையா நான்காவதா என்று நினைவில்லை. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சலிப்போடு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போனேன். அம்மா கிளம்பறா, பையை எடுக்கறா, ஃபேனைக் கம்மி பண்றா, ரெகுலேட்டர் டக் டக்னு ரெண்டு சத்தம்...

"நிறுத்து" என்றாய். "புள்ள தூங்குதுல்ல?"

"ஆமா."

"தூங்கற புள்ளைக்கு டக் டக்னு எப்படிக் கேட்டுச்சு?"

அப்போதுதான் நான் தம்ளர் கழுவ எழுந்து போனேன்.

குழாயடியில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. சிரிப்புப் போல ஒன்று. கதையை எழுதி, ஐந்தாறு தடவை திருத்தி, "தூங்கிக்கொண்டிருந்தாள்" என்று அச்சில் ஏற்றியவள் நான். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒவ்வொரு சத்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நானே பார்க்கவில்லை. என்னைவிட என் கதைக்கு அதிகம் தெரிந்திருந்தது. அதை நீ கடலை உரித்துக்கொண்டே பிடித்துவிட்டாய்.

முழித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் அம்மா போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய நாட்களில் அவள் எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தன் தட்டைக் கையில் வைத்தபடி அடுப்படியில் சும்மா நின்றுகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். போனால் அவளுக்கு நல்லது என்று எட்டு வயதுக்குப் புரிகிற அளவில் புரிந்திருந்தது. அதனால் திறக்கவில்லை. கழுவிய தம்ளரை மறுபடியும் கழுவினேன். திரும்பி வந்து உன்னிடம் இதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளில் பேசியது போல நான் எப்போதும் பேசியதில்லை. அலுவலகத்தில் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசுகிறவள் உன் அறையில் தொண்டை கட்டும்வரை வாதாடினேன். நீ விட்டால்தானே. கதைக்கு உண்மையாகப் படம் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, எதற்கு உண்மையாக, எழுதியதற்கா, எழுதாமல் விட்டதற்கா என்று கேட்டாய். எழுதியதையே எடுக்க நான் எதற்கு, பத்திரிகையை அப்படியே திரையில் ஒட்டிவிடலாமே என்றாய். எனக்குக் கோபம். எழுதாமல் விட்டதெல்லாம் மறைத்து வைத்ததாகிவிடுமா, சிலது வேண்டாம் என்றுதானே விட்டோம், உன் டாக்டருக்கு எதை எடுத்தாலும் அம்மாதான் காரணம் என்றேன்.

"உன் கதையில வீட்ட விட்டுப் போனது யாரு? சித்தப்பாவா?"

கீழே ஜெராக்ஸ் போடுகிறவர் அண்ணாந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

அன்றைக்கு நான் சொன்ன ஒன்றை நீ இரண்டு நாள் கழித்து போனில் கூப்பிட்டு ஒத்துக்கொண்டாய். எனக்கு அது பெரிய வெற்றி. ஒரு கதையைப் படிக்கும்போதே நாம் ஒவ்வொருவரும் நமக்குள் ஒரு படம் எடுத்துவிடுகிறோம். அதில் வருகிறவளுக்கு ஒரு முகம் கொடுக்கிறோம். அது யாருடைய முகம் என்று நமக்கே தெரியாது. எப்போதோ நம்மைத் தூக்கி வைத்துக்கொண்ட யாரோ ஒருத்தியுடையதாக இருக்கலாம். திரையில் வேறு முகம் வந்ததும் நடிகை பொருந்தவில்லை, கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று கத்துகிறோம். கையில் இருந்த ஆளைப் பிடுங்கிக்கொண்டார்களே என்கிற அழுகைதான் அது. போனில், "அப்ப படம் எடுக்கறவங்க திருடங்கதான்னு சொல்ற" என்றாய். ஆமாம் என்றேன். "சரி, பாத்து எடுத்துக்கறேன்" என்றாய்.

அடுத்தது, கதையில் வரும் புடவையைப் பிடித்துக்கொண்டாய்.

"ஃபேன கம்மி பண்ணிட்டா இல்ல? அப்புறம் எதுக்குப் போத்தணும்? ரெண்டும் குளுருக்குத்தான. ஒண்ணு போதும் டி."

படத்தில் ஒரே வேலையை இரண்டு கைச்செயல்கள் செய்யக்கூடாது என்றாய். புடவையை எடுத்துவிடலாமா என்றாய், மாட்டேன் என்றேன். விசிறியை எடுத்துவிடலாமா என்றாய், அதற்கும் மாட்டேன் என்றேன். இரண்டும் இருந்தன, அவ்வளவுதான் தெரியும். நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேறு பக்கமிருந்து வந்தாய். விசிறி குறைந்தால் அறை அமைதியாகிவிடும். பழைய வீடு, இரும்புத் தாழ்ப்பாள். அது விழுகிற சத்தம் நன்றாகக் கேட்டிருக்குமே, உன் கதையில் ஏன் அது இல்லை?

யோசித்தேன். எத்தனை தடவை கதை சொல்லியும் தாழ்ப்பாள் சத்தம் என் வாயில் வரவில்லை.

"கேக்கல" என்றேன். அவசரமாக, "அந்தப் புள்ளைக்கு" என்று சேர்த்தேன்.

நீ அதைக் கேட்காததுபோல் இருந்தாய். இன்றைக்கும் அதற்காக உன்னைக் கும்பிடுகிறேன்.

"இங்க என்னமோ இடிக்குது. கனவுல இப்படித்தான் ஆகும். ஒண்ணு இருந்த எடத்துல அதுக்கு நேர் எதிரா ஒண்ணு வந்து உக்காந்துக்கும். எது எங்க மாறியிருக்குன்னு தெரியல. இடிக்கட்டும், விடு. படத்துல தாப்பா சத்தம் வெச்சிக்கலாம், இல்லன்னா அவ போயிட்டான்னே தெரியாது."

படப்பிடிப்பு நாளை நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார முடியவில்லை. நடிக்க வந்த சிறுமியிடம், தூங்குவதுபோல் நடிக்க வேண்டும், கண்ணை மூடிக்கொள் என்று சொன்னாய். முதல் டேக் நன்றாக இருந்தது. இரண்டாவது அதைவிட. மூன்றாவது டேக் முடிந்ததும் எழுப்பினால் எழவில்லை. நிஜமாகவே தூங்கிவிட்டிருந்தாள்.

"நடிக்கச் சொன்னா தூங்கிட்டா பாரு. நான் வேல செஞ்ச ஹீரோயினுங்க எல்லாம் தூங்கச் சொன்னாதான் நடிப்பாங்க."

எல்லோரும் சிரித்தோம். நீ மூன்று டேக்கையும் போட்டுப் பார்த்தாய். சிரிப்பு நின்றது. இன்னொரு முறை போட்டாய். எதில் நடிக்கிறாள், எதில் தூங்குகிறாள் என்று பார்த்தால் தெரியவில்லை. நீ என் பக்கம் திரும்பினாய். எழுத்தில் "தூங்கினாள்" என்று ஒரு சொல் போட்டால் வாசகர் நம்பிவிடுவார். "நீ போட்ட, நான் நம்புனேன்" என்றாய். கேமராவால் அந்தப் பொய்யைச் சொல்லவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது. அதற்குத் தெரிவது மூடிய கண் மட்டும். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாய். தரையில் கிடந்த ஒயரைத் தாண்டிக் குதித்து என் தோளைப் பிடித்துக்கொண்டாய்.

"வெளிய நின்னு பாக்கறதாலதான தெரியல? உள்ள போயிடலாம். புள்ள கண்ண மூடுனா நாமளும் மூடிக்கலாம். திரையே இருட்டு. வெறும் சத்தம்."

நான் கை தட்டினேன். கல்யாண வீட்டில்கூடக் கை தட்டாதவள் நான். ஒரு கதையைப் படமாக்குவது என்றால் இதுதான் என்று தோன்றியது. கதை எதை ஒளித்து வைக்க ஒரு சொல்லைப் பயன்படுத்தியதோ, அதைப் படம் ஒரு சொல்லும் இல்லாமல் எல்லார் காதிலும் போடப்போகிறது. ஒரு கூட்டமே கண்ணை மூடிக்கொண்டு, ஓர் அம்மா போவதைக் கேட்கப்போகிறது.

அதற்குப் பிறகுதான் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். இப்படி எடுத்தால் அந்தப் பிள்ளை முழித்திருந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றாய். "நீ வேணாம்னா இப்பவே சொல்லு. ஏன்னு கேக்க மாட்டேன்." மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. "எடு" என்றேன்.

புது ரெகுலேட்டர்கள் சத்தமே போடாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய இரும்புக் கடையில் தேடினோம். ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகில் வைத்துத் திருப்பினாய். கடைக்காரர் பொறுமை இழந்து, அதெல்லாம் ஓடாதும்மா, வேண்டாம் என்றார்.

"ஓடலன்னா பரவால்லண்ணே. சத்தம் வந்தா போதும்."

"ஃபேனும் வேணாம், காத்தும் வேணாம், சத்தம் மட்டும் வேணுமா? எங்கிருந்தும்மா வர்றீங்க?"

"கீழ்பென்னாத்தூர்."

"அதான பாத்தேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில், மடியில் ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு கேட்டாய். "இத்தன கத இருக்கும்போது நான் ஏன் இந்தக் கதையப் புடிச்சிக்கிட்டேன்னு நீ ஒருநாளும் கேக்கலயே? எழுதறவளுக்கு மட்டும்தான் ஒளிச்சு வெக்க ஏதாவது இருக்குமா?" கேட்கட்டுமா என்றேன். "படம் முடியட்டும். சொல்றேன்."

அன்று மாலையே உன் அறையின் விசிறியை வைத்துச் சத்தங்களைப் பதிவு செய்தாய். கேட்டுப் பார்த்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. குமிழ் எந்தப் பக்கம் திரும்பினாலும் டக் டக் ஒரே மாதிரி. அதற்குப் பின்னால் விசிறியின் இரைச்சல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் வித்தியாசம். "கம்மி பண்ணாளா, ஜாஸ்தி பண்ணாளா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றாய். "கம்மிதான்" என்றேன். ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. நீ இரண்டையும் பதிவு செய்து வைத்தாய். எதற்கு என்று கேட்டதற்கு, இருக்கட்டுமே என்றாய்.

படத்தொகுப்பு முடிந்தது. ஒலிக்கலவைக்காகச் சென்னைக்குப் போன வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று போனில் சொன்னாய். அடுத்த வாரம் உன்னைக் கீழ்பென்னாத்தூருக்குக் கொண்டுவந்தார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. உன் குழுவில் இருந்தவர்கள் நீ சொல்லி வைத்திருந்தபடியே படத்தை முடித்தார்கள். விசிறி குறைகிறது, தாழ்ப்பாள் விழுகிறது.

இங்கே திரையிட வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தபோது அம்மாதான் முதலில் கிளம்பினாள். "அந்தப் பொண்ணு நம்ம வீட்ல எத்தன நாளு சாப்ட்டுருக்கு. அது எடுத்த படத்த நான் பாக்காம இருப்பனா?" வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. சொல்லக்கூடிய காரணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வேங்கிக்காலில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். ஜன்னல்களில் பழைய பேனர்களைத் திருப்பிக் கட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தார்கள். காலையில் நடந்த ஏதோ ஒரு விசேஷத்தின் சாம்பார் வாசனை போகவில்லை. அம்மா உன் நினைவாக நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடம் வந்தது. சிறுமி கண்ணை மூடினாள். திரை இருட்டானது. பின்னாலிருந்து ஒருவர், "கரண்டு போயிடுச்சா?" என்றார். இன்னொருவர் போனில் விளக்கைப் போட்டார், அணைக்கச் சொல்லி நாலு பேர் அதட்டினார்கள். பிறகு அமைதி. வளையல் சத்தம். பையின் ஜிப் சத்தம். டக், டக். விசிறி மெல்ல இறங்கியது. அந்த அறையில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. நீ சொன்னது போலவே, அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்ட பிள்ளையாகிப் போனார்கள். அம்மாவைக்கூட மறந்து, உன்னைத் தேடி இருட்டில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போது அம்மா, குழம்பில் உப்பு சரியில்லை என்று சொல்லும் குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"கம்மி பண்ல பாப்பா. ஜாஸ்திதான் வெச்சேன்."

தாழ்ப்பாள் விழுந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிகிறவரை என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்தோம். வெயில் இன்னும் இருந்தது. அம்மா கிளிப்புகளைக் கழற்றி முந்தானையில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"முழிச்சிட்டா இருந்த?"

உன்னிடம் சொல்லாததை, தம்ளரைக் கழுவி மறைத்ததை, அங்கே சொன்னேன்.

"இருந்தேம்மா."

அம்மா ஒரு போர்வையின் இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினாள். மடித்தோம். மடித்தபடியே சொன்னாள். அந்த வீட்டுத் தாழ்ப்பாள் இரும்பு, மெதுவாகத் தள்ளினாலும் டமார் என்று விழும். அந்தச் சத்தத்தில் நான் எழுந்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாள். விசிறியை முழு வேகத்தில் வைத்தால் அது போடுகிற இரைச்சலில் எதுவும் கேட்காது.

"அவ்ளோ ஜாஸ்தி வெச்சா உனக்குக் குளுருமேன்னுதான் பொடவையப் போத்துனேன்."

எனக்கு அந்த இடத்திலேயே உன்னைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. புடவை! நீ இடிக்கிறது என்று சொன்னாயே, அந்தப் புடவை! விசிறியைக் கூட்டினால்தான் போர்த்த வேண்டும். விசிறி அலறினால்தான் தாழ்ப்பாள் கேட்காது. ஒரே ஒரு குமிழை மறுபக்கம் திருப்பியதும் நீ கேட்ட இரண்டு கேள்வியும் தீர்ந்துபோயின. ஒன்று இருந்த இடத்தில் அதற்கு நேர் எதிரானது உட்கார்ந்திருந்தது. உட்கார வைத்தவள் நான். அம்மாவின் பயம் இருந்த இடத்தில் அவள் அக்கறையை வைத்து, அதை இருபது வருடமாகப் பாதுகாத்து, கதையாகவும் எழுதி, உன் முன்னால் "கம்மிதான்" என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் நினைவும்தான் திரும்பியிருக்கலாமே என்று நீ கேட்பாய். கேள். ஆனால் புடவை அவள் பக்கம் சாட்சி சொல்கிறதே.

"நான் எழுந்திருந்தா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எழுந்திருந்தா நான் எங்க போறது?"

"அதாம்மா எழுந்துக்கல."

அம்மா கையிலிருந்த துணியைக் கொடியிலேயே மறுபடியும் போட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எட்டு வயசுல இவ்ளோ புத்தி இருந்திருக்கு. இப்ப எங்க போச்சோ" என்றாள். பிறகு, "இதெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட நீ சொன்னியா?" என்றாள்.

சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள் என்றேன்.

"கெட்டிக்காரி. ஃபேன் விஷயத்துல மட்டும் தப்புப் பண்ணிடுச்சு."

அந்தத் தப்பு என்னுடையது என்று உனக்காகச் சொன்னேன். அன்று அம்மா பெங்களூரைப் பற்றிப் பேசினாள். தைத்த சட்டைகள், கூடத் தங்கியிருந்த பெண்கள், முதன்முதலாகத் தனியாகப் பார்த்த ஒரு சினிமா. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். சமைக்கும்போது திடீரென்று ஒன்று வருகிறது. நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன். சில நாள் கழித்து, அதை இன்னொரு தடவை சொல்லும்மா என்கிறேன். உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவும் இந்த ரெகுலேட்டரும்தான். நீ ஏன் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டாய் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. உன் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஏதாவது ஓரிடத்தில் நழுவுகிறதா என்று.

படம் திரையிட்ட மறுநாள் ஒலிக்கலவை செய்தவருக்கு போன் செய்தேன். நீ பதிவு செய்து வைத்த இன்னொரு சத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். மாற்றிக் கொடுத்தார். இப்போது படத்தில் திரை இருட்டானதும் விசிறி வேகம் பிடிக்கிறது. தாழ்ப்பாள் சத்தம் இல்லை.